கமலா தோலிலிருந்து டெர்பினியால்: கீழ்ப்பழனி மலைச் சிற்றாலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாண்டிக்குடி, பெரும்பாறை, தடியன்குடிசை வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் கமலா ஆரஞ்சு ஊடுபயிர். சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பி, இடையிடையே கமலா என்பதுதான் அங்கே தோட்டத்தின் அமைப்பு. கிரீனிங் நோயும் அதைப் பரப்பும் சைலிட் பூச்சியும் மரங்களைக் குறைத்துவிட்டன. மிஞ்சிய மரங்களிலிருந்து வரும் காயில் நல்லது வத்தலக்குண்டு வழியாகக் கீழே போய்விடும். அடிபட்டதும் சிறுத்ததும் மலையிலேயே தங்கும்.

அப்படித் தங்கும் பழத்தை வைத்து ஸ்குவாஷும் மார்மலேடும் போடும் ஓர் ஆலையைப் பற்றியது இது. உரிமையாளர் காப்பித் தோட்டக்காரர். ஆலை, காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்பர் எந்திரம் இருந்த பழைய கொட்டகையில் நடக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரை வேலை மும்முரம். அந்த மாதங்களில் தோல் மலையாகக் குவியும். குவித்த தோல் எளிதில் மக்கவில்லை, புளித்த நீர் ஓடையை நோக்கிக் கசிந்தது, பக்கத்துத் தோட்டத்தார் சண்டைக்கு வந்தார்கள். சாண எரிவாயுக் கலனில் கொட்டிப் பார்த்தபோது இரண்டு வாரத்தில் அடுப்பில் நீலச் சுடர் அணைந்துபோனது. காரணம் தோலில் இருக்கும் எண்ணெய். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனின் (limonene). நுண்ணுயிரிகளின் செல்சவ்வில் கரைந்து அதைக் குலைத்துவிடும் பொருள் அது. மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளுக்கு அதில் கொஞ்சம் போதும்.

உரிமையாளரின் அக்கா மகள் மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் முதுகலை முடித்திருந்தவர். லிமோனினை டெர்பினியால் போன்ற வேறொரு வாசனைப் பொருளாக மாற்றி விற்கலாமே என்ற யோசனை அவருடையது. நான் வாசனைப் பொருள் பகுப்பாய்வில் வேலை பார்ப்பவன். அவர்களின் முதல் சோதனை ரிப்போர்ட் வந்த பிறகே இதில் நுழைந்தேன். அதற்கு முந்தைய விவரங்கள் அவர்களின் நோட்டுப் புத்தகத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்தவை.

ஏன் டெர்பினியால்

லிமோனின் மலிவு. ஆரஞ்சுச் சாறு பிழியும் நாடுகளில், முக்கியமாக பிரேசிலில், அது டன் கணக்கில் கிடைக்கிறது. பத்துக் கார்பன் கொண்ட இந்த ஹைட்ரோகார்பனில் ஓர் ஆக்சிஜனைச் சரியான இடத்தில் பொருத்திவிட்டால் மணமும் மாறும், விலையும் மாறும். கார்வோன், பெரில்லில் ஆல்கஹால், ஆல்பா டெர்பினியால் எல்லாம் அப்படி வருபவை. சிட்ரஸ் எண்ணெயில் சிறிதளவே உள்ள வாலென்சீனிலிருந்து கிடைக்கும் நூட்கடோனுக்கு மதிப்பு இன்னும் அதிகம். பம்ளிமாசின் உறவுப் பழமான கிரேப்ஃப்ரூட்டின் மணம் அதுதான். 2020ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதைக் கொசு, உண்ணி விரட்டியாகவும் பதிவு செய்தது.

இந்த ஆக்சிஜனை வேதியியலாலும் பொருத்தலாம், நுண்ணுயிரியாலும் பொருத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு 1334ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, தாவர மூலப்பொருளிலிருந்து நுண்ணுயிரியோ நொதியோ கொண்டு பெற்ற சுவைப்பொருளுக்கு 'இயற்கை' என்ற பெயர் கிடைக்க வழியுண்டு. கந்தக அமிலம் ஊற்றிச் செய்ததற்கு அந்தப் பெயர் கிடைக்காது. முழு ஆசையும் இந்த ஒரு சொல்லின் மேல் கட்டியது.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. மண்ணிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் பாக்டீரியா லிமோனினை எப்படி உண்கிறது என்று தவளிகரும் பட்டாச்சார்யாவும் 1966லேயே எழுதியிருக்கிறார்கள்.

உரிமையாளரின் அக்கா மகள் டெர்பினியாலைத் தேர்ந்தது அதை மாற்றித் தரும் உயிரி ஆலைத் தரையிலேயே கிடந்ததால். அழுகிய கமலாவில் முதலில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு பச்சைப் பொடி தூவியது போல ஆகும் பூசணம், பெனிசிலியம் டிஜிடாட்டம். லைலாக் பூ மணமுள்ள ஆல்பா டெர்பினியாலாக அது லிமோனினை மாற்றுவதை 1998ல் அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். தோலின் எண்ணெய்ப் பைகளுக்கு நடுவே வாழ்ந்து பழகிய உயிரி என்பதால் லிமோனினின் நஞ்சை ஓரளவு தாங்கும். இன்னொரு வசதி, அதற்குப் பிடித்த வெப்பம் 25 டிகிரியை ஒட்டியது. மதுரையில் அதற்குக் குளிரூட்டிய ஷேக்கர், அதாவது குடுவைகளை ஆட்டும் கருவி, வேண்டும். தாண்டிக்குடியில் சன்னலைத் திறந்து வைத்தால் போதும். தேர்வு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் சுற்றில் கண்டது

எண்ணெய் எடுக்கத் தனிக் கருவி இல்லை. கொடைக்கானல் பக்கம் யூக்கலிப்டஸ் தைலம் காய்ச்சும் ஒருவரிடம் கொப்பரையை வாடகைக்குப் பேசி, சாறு பிழிந்த தோலை அப்படியே போட்டு நீராவியில் காய்ச்சினார்கள். வந்த எண்ணெயை ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் பாதியளவுக்கு ஊற்றி மூடி வைத்தார்கள். கேன் லேசாகக் கசிந்தது. அது நின்ற தெர்மோகோல் பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்ததை நானே பார்த்தேன். லிமோனின் தெர்மோகோலைக் கரைத்துவிடும்.

பூசணத்தைப் பழத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தியது கல்லூரி ஆய்வகத்தில். மால்ட் திரவ ஊடகத்தில், அதாவது முளைதானியச் சத்து கலந்த வளர்ப்பு நீரில், வளர்த்தார்கள். அங்கே உதவிய மாணவர் வேலையைச் சுருக்க நினைத்து, ஊடகத்துடன் எண்ணெயையும் சேர்த்தே, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்து எடுத்தார். ஆறிய பிறகு பூசணம் இட்டார்கள். பஞ்சு அடைத்த குடுவைகள் ஷேக்கரில் ஒரு வாரம் ஆடின. மணம் மாறியது. மேல் அடுக்கை எடுத்து வெளியே ஓர் ஆய்வகத்துக்கு, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட்டில் டெர்பினியால் கணிசமாக இருந்தது. கார்வோனும் கார்வியோலும் கூட வந்திருந்தன. லிமோனின் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. குறைந்ததெல்லாம் மாறியது என்று கொண்டு பார்த்தால் பிரமாதமான கணக்கு. உரிமையாளர் சென்னையில் ஒரு வாசனைப் பொருள் வியாபாரியிடம் பேசவும் தொடங்கிவிட்டார், பழைய காப்பிக் குடோனில் தொட்டி கட்டக் கொத்தனாரையும் பார்த்துவிட்டார். அந்தக் கட்டத்தில்தான் ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தது.

சந்தேகம் எங்கே தொடங்கியது

டெர்பினியால் என் கண்ணில் படும் முன்பே பாரா சைமீன் பட்டது. கமலா வகை எண்ணெயில் காமா டெர்பினீன் என்ற பொருள் ஓரளவு உண்டு. காற்றுப் பட்டால் அது பாரா சைமீனாகும். பாரா சைமீன் ஏறியிருந்தால் எண்ணெய்க்கு வயதாகிவிட்டது என்று கொள்ளலாம். பாதி நிரப்பிய கேனில் மீதிப் பாதி காற்றுதானே. லிமோனினும் காற்றில் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து லிமோனின் ஆக்சைடு, கார்வியோல், கார்வோன் என்று மாறும். தோலில் ஒவ்வாமை தரும் ஹைட்ரோபெராக்சைடுகளும் அந்த வழியில் வருபவை. ஆக, ரிப்போர்ட்டில் இருந்த கார்வோனுக்குப் பூசணம் காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டெர்பினியாலின் கதை இன்னும் சிக்கல். அமிலமும் சூடும் சேர்ந்தால் லிமோனினில் நீர் சேர்ந்து ஆல்பா டெர்பினியால் வரும். பெட்டியில் நாள்பட்ட ஆரஞ்சுச் சாறு ஒரு மாதிரி கெட்ட மணம் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காய்ச்சி எடுத்த லைம் எண்ணெயில் பிழிந்து எடுத்ததைவிட டெர்பினியால் மிகுந்திருப்பதும் இதனாலேதான். கொப்பரைக்குள் சாற்றின் அமிலத்தோடு கொதிக்கிறது. இங்கேயும் தோலில் ஒட்டிய சாறோடு காய்ச்சினார்கள். பிறகு அமில ஊடகத்தோடு ஆட்டோகிளேவில் வைத்தார்கள். பூசணம் வளர வளரக் கரிம அமிலங்களைச் சுரந்து ஊடகத்தை மேலும் புளிக்க வைத்தது. பூசணத்தின் கை படாமலேயே டெர்பினியால் பிறக்க மூன்று இடங்கள்.

லிமோனின் குறைந்ததற்கும் நேரான விளக்கம் இருந்தது. அது ஆவியாகும் பொருள். நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம்தான் கரையும், மீதி மேலே மிதக்கும். பஞ்சு அடைத்த குடுவையில் ஒரு வாரம் ஆட்டினால் பாதி அறைக்குள் போயிருக்கும். ஆய்வகம் முழுக்க ஆரஞ்சு மணம் அடித்ததாக நோட்டிலேயே எழுதியிருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது நடந்த பேச்சு இப்படி இருந்தது.

"அப்ப காசு கொடுத்து வாங்கின ரிப்போர்ட்டே பொய்யாம்மா?" என்றார் உரிமையாளர்.

"ரிப்போர்ட் பொய் சொல்லல மாமா. டெர்பினியால் இருக்கு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு அந்தத் தாள்ல இல்ல, அவ்வளவுதான்."

மறுசோதனையின் அமைப்பு

தொட்டி வேலையை நிறுத்திவைத்து, பூசணம் உண்மையில் எவ்வளவு செய்கிறது என்பதை மட்டும் பிரித்துப் பார்ப்பது என்று முடிவானது. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருந்ததால் உரிமையாளருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை.

முதலில் எண்ணெயை மாற்றினோம். அன்றன்று உரித்த தோலைச் சாறு படாமல் பிரித்து, பிழிந்து, பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில் கழுத்துவரை நிரப்பிக் குளிரில் வைத்தோம். ஒரு புட்டியைப் பூசணம் எதுவும் காட்டாமல் நேராகச் சோதனைக்கு அனுப்பினோம். அதில் டெர்பினியால் அடையாளத்துக்கு இருந்தது, பாரா சைமீன் வெகுவாகக் குறைந்திருந்தது.

குடுவைகளில் ஒரு வகைக்கு உயிருள்ள பூசணமும் எண்ணெயும். இன்னொன்றில் பூசணம் இல்லை. உயிருள்ள குடுவையின் புளிப்பு எந்த அளவுக்கு ஏறியதோ அதே அளவுக்கு அமிலம் விட்டுச் சரிசெய்த ஊடகமும் எண்ணெயும். மூன்றாவதில் சூட்டில் கொன்ற பூசணம். நான்காவதில் பூசணம் மட்டும், எண்ணெய் இல்லை. கொன்ற பூசணம் எதற்கு என்று மாணவர் கேட்டார். பூசண உருண்டைகள் எண்ணெயைத் தம்முள் உறிஞ்சிக்கொள்ளும். மேல் அடுக்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் லிமோனின் தொலைந்தது போலத் தோன்றும். அதனால் இம்முறை குடுவை முழுவதையும், பூசணத்தையும் சேர்த்து, எத்தில் அசிடேட்டில் கழுவி எடுத்தோம். அளவு தெரிந்த ஒரு பொருளை ஒவ்வொரு குடுவையிலும் முன்கூட்டியே விட்டு, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதையும் பார்த்தோம்.

எண்ணெயை ஆட்டோகிளேவில் வைக்கவில்லை. ஊடகம் ஆறிப் பூசணம் நன்றாக வளர்ந்த பிறகே விட்டோம். அதற்கு ஒரு நாள் முன்பு துளி லிமோனினைக் காட்டிப் பழக்கினோம், அப்படிச் செய்தால் மாற்றம் கூடுகிறது என்று 1998 ஆய்வு சொல்வதால். பஞ்சுக்குப் பதில் டெஃப்லான் உள்மூடி இட்ட திருகு மூடி. பூசணத்துக்குக் காற்று வேண்டும் என்பதால் பெரிய குடுவையில் கொஞ்சமாகவே ஊடகம்.

பூசணத்தை எங்கே வைப்பது

இது வேதியியல் சிக்கல் இல்லை, ஆனால் வீட்டுக்குள் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். மலையின் குளிர் இலவசம் என்பதால் உரிமையாளர் எல்லாவற்றையும் ஆலையிலேயே வைக்கச் சொன்னார். அக்கா மகள் ஒரேயடியாக மறுத்தார். கமலாவை அழுக வைக்கும் பூசணத்தையே, ஒரு குடுவையில் கோடிக்கணக்கில் வித்துகளாக, பழம் அடுக்கியிருக்கும் கொட்டகைக்குள் யாராவது வளர்ப்பார்களா? தோலில் கீறல் இருந்தால் போதும், வித்து இறங்கிவிடும். அறுவடையில் காம்புக் கத்தரி பட்ட காய் அத்தனையும் அதற்குத் திறந்த கதவு.

ஆலைக்குக் கீழே, காற்று பழக் கொட்டகைப் பக்கம் அடிக்காத சரிவில், காப்பிக் களத்தை ஒட்டிய பழைய குடோன் இருந்தது. அங்கே வைப்பது, பழம் தொடுபவர் அங்கே போகக் கூடாது, வேலை முடிந்ததும் குடுவைகளைக் கொதிநீரில் அவித்த பிறகே கழுவுவது என்று தீர்ந்தது. அந்தப் பருவத்தில் ஆலைப் பழத்தில் அழுகல் வழக்கத்துக்கு மேல் போகவில்லை. எனக்குத் தெரிந்து இந்த முயற்சியில் எடுத்த நல்ல முடிவு இதுதான்.

என்ன தெரியவந்தது

கார்வோன் எல்லாக் குடுவைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே அது காற்றின் வேலை. அமிலம் மட்டும் விட்ட குடுவையில் டெர்பினியால் கொஞ்சம் வந்தது. உயிருள்ள பூசணக் குடுவையில் அதைவிடத் தெளிவாக அதிகம், ஒவ்வொரு முறையும். கொன்ற பூசணத்தில் அந்த ஏற்றம் இல்லை. பூசணம் வேலை செய்கிறது. அதில் இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் ரிப்போர்ட் காட்டியதில் சிறு பங்குதான் அதன் கணக்கில் சேரும். மூடிய குடுவையில் லிமோனினும் அவ்வளவு குறையவில்லை.

அடுத்து அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். குடோனில் ஒரு டிரம், மீன்தொட்டிக்குப் பயன்படும் காற்றுப் பம்ப், சிலிக்கான் குழாய். பம்ப் ஊதிய காற்று லிமோனினை அள்ளிக்கொண்டு போனது. குழாய் உறிஞ்சி ஊதிப் பெருத்தது. மின்சாரம் நின்ற இரவுகளில் பூசணம் மூச்சுத் திணறி ஓரத்தில் பாயாகப் படிந்தது. எண்ணெய் அளவைக் கூட்டினால் பூசணம் வளர்வதே நின்றது.

இதற்கு உலகம் கண்ட வழி ஒன்று உண்டு. லிமோனினை நேராக ஊடகத்தில் விடாமல் மேலே ஓர் எண்ணெய் அடுக்கில் தேக்கி வைப்பது. உயிரிக்குத் தேவையானது சிறிது சிறிதாகக் கீழே இறங்கும், உண்டான பொருளும் மேலே ஏறிக்கொள்ளும், காற்றில் போவதும் குறையும். பிரேசிலில் சூரியகாந்தி எண்ணெயை இப்படிப் பயன்படுத்தி, பாக்டீரியாவை வைத்து, டெர்பினியால் எடுத்திருக்கிறார்கள். குடோனிலும் சூரியகாந்தி எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். பூசணமும் எண்ணெயும் நீரும் மோர் போலக் கலங்கிப் பிரியாமல் நின்றன. பிரிக்க வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் வேண்டும், பிறகு சூரியகாந்தி எண்ணெயிலிருந்து டெர்பினியாலை எடுக்க, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிக்கும் வெற்றிட வாலை வேண்டும். லிமோனின் 176 டிகிரியில் கொதிக்கும், டெர்பினியால் 219ல். பிரிப்பது முடியாத காரியம் இல்லை. அந்த மலையில், அந்த முதலீட்டில் முடியாது.

கணக்கும் முடிவும்

ஒரு டன் பச்சைத் தோலில் நன்றாக எடுத்தால் சில கிலோ எண்ணெய் கிடைக்கும். ஊடகம் லிட்டருக்குச் சில கிராம் டெர்பினியால் கொடுத்தாலே அது நல்ல ஆய்வக விளைச்சல். ஒரு கிலோவுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் ஊடகம், அத்தனையையும் கிருமி நீக்க விறகு, பிறகு அந்தக் கழிவுநீர். ஓடைச் சண்டையில் தொடங்கிய முயற்சி மறுபடி ஓடைக்கே வந்து நின்றது.

எதிரே, பைன் மரத்திலிருந்து வரும் டர்பன்டைனிலிருந்து அமிலத்தால் செய்த டெர்பினியால் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. சென்னை வியாபாரி இயற்கைச் சரக்குக்குக் கூடுதல் விலை தரத் தயார்தான். ஆனால் அதை நிரூபிப்பது எளிதல்ல. கார்பன்-14 சோதனை பெட்ரோலியத்திலிருந்து வந்ததைக் காட்டிக்கொடுக்கும்; டர்பன்டைனும் மரத்துச் சரக்கு என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. எனவே அவர் காகிதம் கேட்டார்: உயிரி எது, எந்த நுண்ணுயிரி வங்கியில் பதிந்தது, ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேடு எங்கே. உணவில் சேர்ப்பதானால் உயிரியின் பாதுகாப்பும் கேள்விக்கு வரும். பெனிசிலியம் டிஜிடாட்டம் டிரிப்டோகுயாலனின் என்ற ஆல்கலாய்டுகளைச் சுரப்பது தெரிந்த செய்தி, இறுதிச் சரக்கில் அவை இல்லை என்று காட்ட வேண்டியிருக்கும்.

உரிமையாளர் டெர்பினியால் திட்டத்தைக் கைவிட்டார். கொத்தனார் முன்பணத்தில் களத்துச் சுவரைக் கட்டிக் கொடுத்தார்.

ஆனால் மறுசோதனைக்காக எடுத்த புது எண்ணெயின் ரிப்போர்ட்டை வியாபாரி பார்த்திருந்தார். பாரா சைமீன் குறைவாக, மணம் கெடாமல் வரும் கமலா எண்ணெய் கிடைத்தால் அப்படியே வாங்குவதாகச் சொன்னார். இப்போது ஆலை அதைத்தான் செய்கிறது: அன்றைய தோல், அன்றே பிழிதல், நிரம்பிய புட்டி. அளவு கொஞ்சம்தான். தோலைக் கையாளும் செலவை ஈடுகட்டுகிறது, பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. எண்ணெய் போன தோலைச் சாணத்தோடு சிறு பங்காகக் கலந்து எரிவாயுக் கலனில் போடுகிறார்கள். அடுப்பு எரிகிறது. பங்கு கூடினால் இப்போதும் சுடர் தளர்கிறது, ஏனெனில் பிழிந்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை.

மீண்டும் செய்தால்

இதே வேலையை இன்னொரு மலை ஆலை தொடங்கினால், பூசணத்தைத் தேடுமுன் எண்ணெயைச் சோதிக்கச் சொல்வேன். ஒரு புட்டி சோதனைக்கான கட்டணம் தொட்டியின் முன்பணத்தைவிட மிகக் குறைவு. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும்போது பூசணம் இடாத குடுவையின் மாதிரியையும் கூடவே அனுப்ப வேண்டும். ஆய்வகம் தானாக அதைக் கேட்காது, அது அவர்கள் வேலையும் அல்ல.

மூக்கை நம்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குடுவையில் மணம் மாறியது உண்மை. மணம் எதனால் மாறியது என்று மூக்கால் சொல்ல முடியாது.

வாங்குபவரிடம் பேசுவது முதல் வாரத்திலேயே நடந்திருக்கலாம். அவர் கேட்ட பதிவேடும் பாதுகாப்புச் சான்றும் முன்பே தெரிந்திருந்தால், வேறு உயிரியைத் தேர்ந்திருப்பார்கள், அல்லது டிரம் வாங்காமல் இருந்திருப்பார்கள். சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற நுண்ணுயிரி வங்கியிலிருந்து அடையாளம் உறுதியான வகையை வாங்கி, தரையில் கிடைத்த வகையோடு ஒப்பிட்டிருக்கவும் வேண்டும். இங்கே அதைச் செய்யவில்லை. அதனால் குறைந்த விளைச்சல் இந்தப் பூசண வகையின் குறையா, முறையின் குறையா என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை.

பிரித்தெடுத்த பூசணம் இப்போது கல்லூரியில் இருக்கிறது. அக்கா மகள் அதை விட்டுவிட்டு, பழக் கொட்டகைக்கு ஆபத்தில்லாத மண் பாக்டீரியாக்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். தோல் குவித்த இடத்து மண்ணிலிருந்தே மாதிரி எடுக்கிறார். அங்கே பல ஆண்டுகளாக லிமோனின் ஊறியிருக்கிறது, அதைத் தின்று பிழைக்கத் தெரிந்தது ஏதாவது இருக்கத்தான் செய்யும். இம்முறை ஒப்பீட்டுக் குடுவைகளை முதலில் வைத்துவிட்டார்.